மூடி இறுக்குகிறவர்

வாசல் வரை வந்துவிட்ட ஏசுதாசன் சார் மறுபடி அடுக்களைக்குள் போகிறார். "நான்தான் மூடினேன், போங்க, ட்ரெய்ன் போயிடும்" என்கிறார் மனைவி ஜெனி. கேட்கிற ஆளா அவர்? கேஸ் சிலிண்டரின் குமிழைத் தொட்டு, திருகிப் பார்த்தால்தான் பல்லாவரம் ஸ்டேஷன் பக்கம் கால் நகரும்.

ஊரப்பாக்கத்துத் தனியார் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறார். பாடம் நடத்திக்கொண்டே பெஞ்சுகளுக்கு நடுவில் நடப்பார். தளர்ந்து கிடக்கும் தண்ணீர் பாட்டில் மூடிகளை வழிநெடுக இறுக்கிக்கொண்டே போவார். பிள்ளைகள் வேண்டுமென்றே தளர்த்தி வைப்பதும் உண்டு. பாவம், அதையும் இறுக்குவார்.

இன்று அந்தக் கை வியர்த்திருந்தது. கடைசி பெஞ்சில் தாளாளர். இந்த வகுப்பு அவருக்குத் திருப்தியாக இருந்தால் சாருக்கு வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் ஜூனில் வேறு பள்ளி தேட வேண்டும். பாடம், நிறை மாறா விதி. வேதிவினையில் எது எதுவாக மாறினாலும் மொத்த நிறை கூடாது, குறையாது. "பாட்டில மூடிட்டோம்னா, உள்ள இருக்கிறது எங்கயும் போகாது" என்று ஆரம்பித்தார். அவருக்கென்றே எழுதிவைத்த விதி!

பாட்டிலில் வினிகர். அதன் வாயில் ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கிய பலூனுக்குள் ஆப்பசோடா. வாரம் முழுக்க வீட்டில் செய்து பார்த்தாயிற்று. ஒரு தடவைகூடப் பிசகவில்லை. ஆனால் ஜெனியின் சமையல் தராசு முழு கிராமைத்தான் காட்டும். பள்ளித் தராசு புள்ளிக்குப் பின்னால் உள்ளதையும் காட்டுகிறது. அது அவருக்குத் தோன்றவே இல்லை.

பாட்டிலைத் தராசில் வைத்து, எண்ணைப் பலகையில் எழுதிவிட்டு, பலூனைத் தூக்கிப் பிடித்தார். சோடா கொட்டியது, நுரைத்தது, பலூன் புடைத்தது. கையை எடுத்ததும் பார்த்தால், தராசில் எண் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"சார், கொறஞ்சிருக்கு" என்றாள் முன்பெஞ்சு அனுப்பிரியா.

அவர் குனிந்து பார்த்தார். எங்கே கசிகிறது? பழக்கதோஷத்தில் விரல் போய் பாட்டில் வாயை அழுத்தியது. விரலின் கனத்தில் எண் ஏறி, பழைய இடத்துக்கே வந்து நின்றது. சரியாக வந்துவிட்டதென்று பிள்ளைகள் கைதட்டினார்கள். தாளாளரும் தலையை ஆட்டிவிட்டு எழுந்தார்.

விரல் இன்னும் அங்கேயேதான் இருந்தது. எடுக்க மனசு வரவில்லை. அனுப்பிரியா மட்டும் கைதட்டாமல் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாளாளர் கதவருகே போய்விட்டார்.

"சார், ஒரு நிமிஷம்" என்று அவரைக் கூப்பிட்டார் ஏசுதாசன். இடது கையால் தராசை அவர் பக்கம் திருப்பிவிட்டு, விரலை எடுத்தார்.