பட்டன் விழுங்கிய நூல்

உங்கள் பூனையின் வாயோரம் நூல் ஒன்று தொங்கினால் என்ன செய்வீர்கள்? இழுப்பீர்கள்தானே?

எங்கள் தெருத் தையல்காரியும் அதைத்தான் செய்யப் போனார். யார் சட்டையில் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தாலும், பேச்சை நிறுத்தாமலே பிடுங்கிவிடும் கை அது. அளவு கொடுக்கப் போன என் காலரிலும் ஒன்றைப் பிடுங்கி, "இதப் போட்டுக்கிட்டா ஊரெல்லாம் சுத்துனீங்க?" என்றார். அப்போதுதான் மிஷினுக்கடியிலிருந்து பட்டன் என்கிற அவருடைய பூனை எச்சில் ஒழுக வந்தது. வாயில் சிவப்பு நூல். மேசையில் ஊசியோடு கோத்து வைத்திருந்த சிவப்பு நூலைக் காணோம்.

குனிந்து நூலைப் பிடித்தவர், பூனை வீறிட்டதும் கையை எடுத்துவிட்டார்.

"அக்கா, வெடுக்குனு இழுங்க, வந்துடும்," என்றார் பக்கத்துக் கடையில் சாவி செய்கிறவர். சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த தையல்காரியின் நாத்தனாரோ, "வேணாம் அண்ணி, எண்ணெய ஊத்துங்க, வழுக்கிட்டு வரும்," என்றாள். மறு மூச்சிலேயே, "யாரு கண்ணு பட்டுச்சோ!" என்றும் புலம்பினாள்.

தையல்காரியிடம் முதலுதவிப் பை உண்டு. அறை அறையாக அவரே தைத்தது. பஞ்சு, களிம்பு, பாரசிட்டமால். "வலிக்கு இதுல பாதி கொடுக்கலாமா?" என்று என்னைக் கேட்டார். மனிதருக்கு இதமான அந்த மாத்திரை பூனையைக் கொன்றுவிடும் என்று படித்திருந்ததால் வாங்கி வைத்துக்கொண்டேன். நூலை என்ன செய்வதென்று எனக்கும் தெரியவில்லை. கண்ணேறு கழிக்க ஆளுக்கொரு வழி தெரிந்திருக்கிற தெருவில், கால்நடை மருத்துவரின் எண் ஒருவரிடமும் இல்லை!

நாத்தனார் கைப்பேசியில் தேடிப் போட்ட முதல் எண்ணை நாய் பழக்குகிறவர் எடுத்தார். "பூனையா? அதுக்கு ஏம்மா என்னைக் கூப்புடுறீங்க?" அடுத்த எண்ணில் மருத்துவர் கிடைத்தார்.

"இழுக்காதீங்க, வெட்டாதீங்க. எண்ணெய், பால், எதுவும் கொடுக்காதீங்க. நூல் குடல்ல மாட்டியிருந்தா, இழுக்க இழுக்க குடலையே அறுத்துடும். அப்படியே தூக்கிட்டு வாங்க."

"இழுக்கவும் கூடாது, வெட்டவும் கூடாதுன்னா?" தையல்காரி விழித்தார். அவர் தொழிலில் நூலுக்கு மூன்றாவது வழி கிடையாது.

"ஒரு தடவ இழுத்துப் பாருங்கக்கா. பூனைதானே?" என்றார் சாவிக்காரர்.

பூனைதானே! வலியில் துடிக்கிற உயிரை இந்த ஒரு சொல்லால் எத்தனை சுலபமாகக் கைகழுவிவிடுகிறோம்! தையல்காரி பட்டனைத் தலைமட்டும் வெளியே தெரியத் தலையணை உறைக்குள் இட்டு, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார்.

ஊசி வயிற்றில் இருந்தது. அறுத்து எடுத்தார்கள். பட்டன் பிழைத்துக்கொண்டது. தையல்காரியின் குழப்பம் மட்டும் தீரவில்லை. "எல்லாருமே தெரிஞ்ச மாதிரி பேசுனீங்களே, எப்படி?" என்று இன்றும் கேட்கிறார்.

நேற்று சாவிக்காரர் வந்து, தன் வீட்டிலும் ஒரு பூனைக்குட்டி ஒட்டிக்கொண்டதாகச் சொன்னார். தையல்காரி மிஷினை நிறுத்திவிட்டு, அவர் கையிலிருந்த கைப்பேசியை வாங்கி, மருத்துவரின் எண்ணைத் தானே பதிந்து திருப்பிக் கொடுத்தார்.

உங்கள் கைப்பேசியை எடுங்கள். உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரின் எண்ணை இப்போதே பதியுங்கள்.