மூன்று மணிக்கு அலறிய வேலி

போன ஆடி மாதம் நடந்தது இது. அவனியாபுரத்தைத் தாண்டி, ரிங் ரோட்டை ஒட்டியுள்ள ஒரு குடோனில் நான் நிர்வாகம் பார்க்கிறேன். சுற்றிலும் கம்பிவலை வேலி. அதில் அப்போதுதான் கண்ணாடி இழைக் கேபிள் கட்டியிருந்தோம், ஓரடிக்கு ஒரு பிளாஸ்டிக் டேக்கால் இறுக்கி. கேபிளுக்குள் ஒளி ஓடிக்கொண்டே இருக்கும். யாராவது வேலியில் ஏறினாலோ வலையை வெட்டினாலோ அந்த அதிர்வில் ஒளி கலையும். உடனே கண்ட்ரோல் அறையில் அலாரம் அடித்து, எந்தப் பகுதி என்று திரை காட்டும்.

இரண்டாம் வாரத்திலிருந்து, பிற்பகல் மூன்று மணிவாக்கில் நான்காம் பகுதி அலறத் தொடங்கியது. பகல் காவலர் ஓடிப்போய்ப் பார்ப்பார். அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். இரவுக் காவலரின் நேரத்தில் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. பகல் காவலர் ரோந்து போவதும் மூன்று மணிக்குத்தான். வேலியில் சாய்ந்துகொண்டு ஆடு மேய்ப்பவர்களிடம் கதை பேசுகிறார் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

"நான் வேலியத் தொடவே இல்ல சார்" என்றார். நம்பவில்லை. அவரை எடுத்துவிடச் சொல்லி செக்யூரிட்டி நிறுவனத்துக்குக் கடிதம் தயார் செய்தேன். ஐம்பத்தைந்து வயதில் வேறு வேலை கிடைப்பது கடினம் என்று தெரிந்தே செய்தேன். அவருக்கும் விஷயம் தெரிந்திருந்தது.

கடிதத்தோடு இணைக்க, கருவியில் குறையில்லை என்று ஒரு சான்று வேண்டியிருந்தது. கேபிள் கட்டிய டெக்னீஷியனை வரச் சொன்னேன். செல்லூர்க்காரர், நாற்பது வயதிருக்கும்.

"பாக்காம எழுத மாட்டேன் சார். மூணு மணி வரைக்கும் இருந்து பாத்துர்றேன்" என்றார்.

காவலரையும் என்னையும் திரைக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு வேலியோரம் போனார். ஸ்க்ரூடிரைவரால் வலையைத் தட்டித் தட்டி, போனில் கேட்டார். பலமாகத் தட்டினால் அலாரம் அடிக்க வேண்டும், லேசாகத் தட்டினால் அடிக்கக் கூடாது.

"அண்ணே, இப்ப?"

"அடிக்குது தம்பி."

"இப்ப?"

"ம்ஹூம். சாப்பிடாம வந்தியா? கையில தெம்பே இல்லையே!"

"நீங்க வாங்கி வச்சிருக்கீகளாக்கும் பிரியாணி! திரையப் பாருங்கண்ணே."

இரண்டு மணி நேரம், வெயிலில், ஒரு தூணைக்கூட அவர் விடவில்லை. சீமைக்கருவேலம் மண்டிய மூலையில் குனிந்து உள்ளே போனதைக் கேமராவில் பார்த்தேன்.

மூன்று மணிக்குக் காற்று கிளம்பியது. அலாரம் அடித்தது. நான்காம் பகுதி. காவலர் என் பக்கத்து நாற்காலியில் இருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"தம்பி, நீ தட்டுனியா?"

"இல்லண்ணே, சும்மாதேன் நிக்கிறேன். சாரக் கூட்டிக்கிட்டு வாங்க."

போனோம். முழங்கையெல்லாம் முள் கீறியிருந்தது அவருக்கு. மூலைத் தூணில், பின்னாளில் பழுது பார்ப்பதற்காக விட்டுவைத்த கேபிள் சுருள் தொங்கியது. மேலே ஒரு டேக் இருந்தது. கீழே இல்லை. காற்றில் ஆடி ஆடி வலையில் மோதிக்கொண்டிருந்தது. இரவில் காற்று அடங்கிவிடும், அலாரமும் அடிக்காது.

"இது நான் கட்டுனது சார். கீழ ஒண்ணு போட மறந்துட்டேன். என்னால அண்ணனுக்குத்தேன் கெட்ட பேரு."

டெக்னீஷியனுக்கு அவர் நிறுவனத்தில் சிக்கல் வருமே என்று, காற்றினால் வந்த கோளாறு என எழுதிவிடலாமா என்று கேட்டேன்.

"ஆடியில காத்து அடிக்கத்தான் செய்யும் சார். அதுக்குத் தக்கன கட்டுறதுதேன் என் வேலை."

அறிக்கையில் 'பொருத்தியதில் என் தவறு' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

காவலர் சிரித்தார். "மயிலு, ஓணான்னு அம்புட்டு பேரையும் சந்தேகப்பட்டேன் தம்பி. உன்னைய மட்டும் விட்டுட்டேன்!"

நான் சந்தேகப்பட்டது அந்தக் காவலரை மட்டும்தான். கடிதத்தை அன்றே கிழித்துவிட்டேன். அவரிடம் மன்னிப்புக் கேட்க மட்டும் மறுநாள் வரை ஆயிற்று எனக்கு.

அன்று மூலைத் தூணுக்கு நாங்கள் போனபோது டெக்னீஷியன் கையில் டேக் இருந்தது. நாங்கள் வந்து சேர்வதற்குள் கட்டிவிட்டிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. இன்றைக்கும் யார்மீதாவது புகார் எழுத உட்கார்ந்தால், தன் தவறை நாங்கள் கண்ணால் பார்க்கட்டும் என்று கட்டாமல் காத்து நின்ற அந்த மனிதர்தான் நினைவுக்கு வருகிறார். பேனாவை வைத்துவிட்டு, முதலில் நான் செய்ததைச் சரிபார்க்கிறேன்.