சேற்றில் பதிந்த டயர் தடம்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளை எல்லாரும் சகதி என்றுதான் கூப்பிடுவார்கள். சக்தி என்று சொல்ல வந்து நாக்கு குழறியதல்ல, சகதியேதான். குளிர்காலம் வந்துவிட்டால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ காய்ந்த சேற்றுப் பொருக்கு ஒன்றோடு வேலைக்கு வருவாள். "ஊர் அழுக்கையெல்லாம் நாம வெளுக்கிறோம், இவ வீட்டிலேர்ந்து வேற கொண்டு வர்றா" என்று மேற்பார்வை செய்யும் அம்மா கேலி செய்வார். அவளும் சிரித்துக்கொண்டே சுரண்டி எறிவாள்.

சலவைக்கூடம் இருந்தது கட்டடத்தின் அடித்தளத்தில். ஈரப் படுக்கைவிரிப்புகளை இரண்டு பேராகப் பிடித்து உதறி, சூடான உருளைக்குள் செலுத்தி, மறுபக்கம் வருவதை மடித்து அடுக்க வேண்டும். நாளொன்றுக்கு எண்ணூறு விரிப்பு. குளிர்கால மாதங்களில் விடியுமுன் படியிறங்கினால் இருட்டிய பிறகுதான் படியேறுவாள். வாரத்தில் ஒரே ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை, அவள் வெயிலைப் பார்த்தாள். அதையும் காட்டுக்குள் மலைப்பாதை சைக்கிள் ஓட்டிக்கொண்டேதான் பார்த்தாள், நாத்தனாரோடு.

நாத்தனார் என்றால் கணவனின் தங்கை. சைக்கிள் கடை ஒன்றின் பின்னறையில் பழுது பார்ப்பவள். அவளுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: ரப்பர். புது டயர் எது வந்தாலும் அதன் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் பட்டனில் கட்டைவிரல் நகத்தை அழுத்துவாள். நகம் பதிந்த குழி எவ்வளவு நேரத்தில் மறைகிறது என்று பார்த்தே ரப்பர் மெத்தா கெட்டியா, எந்த மழைக்குத் தாங்கும் என்று சொல்லிவிடுவாள். கடைக்கு வருகிறவர்கள் முதலாளியை விட்டுவிட்டு அவளிடம்தான் கேட்பார்கள்.

சகதிக்கு முதல் சைக்கிளைக் கழித்துப்போட்ட பாகங்களிலிருந்து கட்டிக் கொடுத்தவளும் ரப்பர்தான். இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தார்கள், சேர்ந்து எழுந்தார்கள். நாளாக நாளாக சகதிக்கு ஓட்டம் கைவந்தது. இறக்கங்களில் ரப்பர் பின்தங்கிவிடுவாள். ஆனால் டயர் விஷயத்தில் சகதி வாய் திறந்ததில்லை. ஒன்பது குளிர்காலங்களிலும் நாத்தனார் மாட்டிக் கொடுத்ததை மாட்டிக்கொண்டு போனாள். "மத்த வீட்டுல நாத்தனாரும் அண்ணியும் அடுப்படியில மோதிக்குவாங்க. இதுங்க மரத்துல போய் மோதுதுங்க" என்பான் அவள் கணவன். அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். எந்தச் சண்டையிலும் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிடுகிற ஆள்.

அந்த வருஷம் மழைக்காலத்துக்குச் சற்று முன்பு வன அலுவலகம் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. குளிர்காலம் முழுக்கக் காட்டுப் பாதைகளைச் சைக்கிளில் சுற்றிவர ஒரு ஆள் தேவை. சாய்ந்த மரங்களைக் குறித்து வர வேண்டும், உடைந்த பலகைப் பாலங்களைச் சொல்ல வேண்டும், வழி தவறியவர்களை வெளியே கூட்டிவர வேண்டும். ஆறு மாத வேலை, பிடித்துப்போனால் நிரந்தரம். தேர்வு ஒன்றே ஒன்றுதான்: மழை நன்றாக இறங்கிய பிறகு பதினான்கு கிலோமீட்டர் சுற்று. குறைந்த நேரத்தில் முடிப்பவருக்கு வேலை.

சகதி அன்று மாலையே கடைக்கு ஓடினாள்.

"நீயும் எழுதிப் போடேன் ரப்பர். யாருக்குக் கிடைச்சாலும் நம்ம வீட்டுக்குத்தானே?"

"எனக்கெதுக்கு அண்ணி? இந்தப் பின்னறை போதும் எனக்கு. நீங்க போங்க. உங்களுக்குத்தான் பகல்னா எப்படி இருக்கும்னே மறந்து போச்சு."

அடுத்த வாரம் டயர் பார்க்கப் போனாள். அலமாரியின் மேல்தட்டில் ஒரு ஜோடி இருந்தது. உயரமான பட்டன்கள், நடுவில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி, சேறு தங்காமல் உதிர்ந்துவிடும். ரப்பரும் மெத்து, ஈர வேர் மேல் கவ்விப் பிடிக்கும். சகதி அதைக் கையில் எடுத்தாள்.

"அது வேணாம் அண்ணி."

"ஏன்? போன வருஷம் ரெண்டு பேரும் இதைத்தானே போட்டோம்?"

"போன வருஷம் வேற. களிமண் இறக்கம் பூரா இப்ப சரளை கொட்டி இறுக்கிட்டாங்க. ஞாயித்துக்கிழமை நானே போய்ப் பார்த்துட்டு வந்தேன். இந்த மெத்து ரப்பர் அங்க இழுக்கும், உங்க தொடைதான் கழண்டு போகும். பட்டன் நெருக்கமா, கொஞ்சம் கெட்டியா இருக்கறதைப் போடுங்க. பறக்கும்."

சகதியால் போய்ப் பார்க்க முடியவில்லை. கூடத்தில் இரண்டு பேர் காய்ச்சலில் படுத்திருந்ததால் மூன்று வாரமாக ஞாயிற்றுக்கிழமையும் வேலை. ஒரு சின்ன நெருடல் மட்டும் இருந்தது.

"வேரு மேல வழுக்காதா?"

"உங்க கைக்கு வழுக்காது அண்ணி" என்றாள் ரப்பர். டீயை ஆற்றிக் கொடுத்துவிட்டு, தானே உட்கார்ந்து பழைய டயர்களைக் கழற்றி அந்தக் கெட்டி டயர்களை மாட்டிக் காற்றும் அடித்துக் கொடுத்தாள். சகதி சக்கரத்தைச் சுற்றவிட்டுப் பார்த்தாள். சத்தமே இல்லாமல் ஓடியது. இரண்டு நாள் கழித்து மனம் மாறி அந்த மெத்து டயரைப் பற்றிக் கேட்டபோது, "அதை ஒருத்தர் வாங்கிட்டுப் போயிட்டாரே" என்றாள் ரப்பர்.

தேர்வுக்கு முந்தைய ஐந்து நாளும் மழை விடவில்லை. பதினொரு பேர் விண்ணப்பித்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனி நேரம் கொடுத்திருந்ததால் யார் யாரென்று ஒருவருக்கொருவர் தெரியாது. சகதி எட்டாவது. அன்று கடையில் சரக்குக் கணக்கெடுப்பு, வர முடியாது என்று ரப்பர் சொல்லியிருந்தாள்.

முதல் மூன்று கிலோமீட்டர் நன்றாகவே போயிற்று. பிறகு களிமண் இறக்கம் வந்தது. சரளை இருக்கும் என்ற தைரியத்தில் பிரேக்கை விட்டு இறங்கினாள். சரளை இல்லை. பேருக்கு ஒரு கல்கூட இல்லை. மழையில் ஊறி வழவழவென்று மின்னிய அதே பழைய களிமண். நெருக்கமான பட்டன்களுக்கு நடுவே மண் அப்பி, பத்தே சுற்றில் டயர் மொழுக்கென்று உருளைபோல் ஆகிவிட்டது. முன்சக்கரம் தன் போக்கில் பக்கவாட்டில் போக, சகதி இடது மணிக்கட்டின் மேல் விழுந்தாள்.

எழுந்து உட்கார்ந்து, பட்டன்களுக்கு நடுவிலிருந்து களிமண்ணை விரலால் நோண்டினாள். 'வேற பாதையைப் பார்த்திருப்பா. மழையில தெரிஞ்சிருக்காது' என்றுதான் முதலில் நினைத்தாள். நாத்தனாருக்காக அவளே நியாயம் தேடினாள். அப்போதுதான் கால்மாட்டில் அந்தத் தடம் கண்ணில் பட்டது.

அவளுக்கு முன்னால் போன யாரோ ஒருவரின் சக்கரம். ஆழமான, இடைவெளி விட்ட பட்டன்கள், ஒவ்வொன்றும் அச்சு வார்த்ததுபோல் துல்லியமாகப் பதிந்திருந்தன. நடு வரிசையில் ஒன்று முழுசாகவும் அடுத்தது பாதியாகவும், முழுசு, பாதி, முழுசு, பாதி என்று போயிற்று. பாதிப் பட்டன்கள் எல்லாம் இடப்பக்கம் சரிவாக நறுக்கப்பட்டிருந்தன. அப்படி நறுக்குகிற ஆள் ஒருத்தியைத்தான் சகதிக்குத் தெரியும். சேறு சீக்கிரம் கழன்றுகொள்ளும் என்று ஒவ்வொரு குளிர்காலமும் டயரை மடியில் போட்டுக்கொண்டு கத்தியால் சீவுவாள். இடது கைக்காரி.

சகதி அந்தத் தடத்தைத் தொட்டுப் பார்த்தாள். மழை பெய்துகொண்டே இருந்தது. எழுந்து ஏறினாள்.

இன்னும் இரண்டு முறை விழுந்தாள், இரண்டும் வேர்களின் மேல். வழி நெடுக அந்தத் தடம் அவளுக்கு முன்னால் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் தடுமாறிய வளைவுகளில் எல்லாம் அது ஒரு கோடுபோலச் சுத்தமாகத் திரும்பியிருந்தது.

சுற்று முடியும் இடம் வன அலுவலக முற்றம். ஓரத்தில் குழாயடியில் ரப்பர் தன் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தாள். முதுகில் ஏழாம் எண் அட்டை. சகதியைப் பார்த்ததும் குழாயை மூடினாள்.

"கணக்கெடுப்பு முடிஞ்சுதா?" என்றாள் சகதி.

ரப்பர் ஈரக் கைகளைத் துடைத்துக்கொண்டாள்.

"சரளை எங்கடி?"

"அண்ணி, கைக்கு என்ன ஆச்சு? வீங்கியிருக்கு."

"கையை விடு. சரளை எங்க?"

ரப்பர் தரையைப் பார்த்தாள். "எனக்கும் அந்தப் பின்னறையிலேர்ந்து வெளிய வரணும்னு இருந்துச்சு. நீங்க வந்து கேட்டப்போ சொல்ல வாய் வரல."

"சொல்லாம எழுதிப் போட்டது சரி. அது உன் இஷ்டம். போட்டி போடுன்னு நானே சொன்னேனே. டயரை ஏன் மாத்திக் கொடுத்தே?"

ரப்பர் மூடிய குழாயையே மறுபடி இறுக்கினாள். "ஒரே டயர்ல ஓட்டினா நீங்கதான் ஜெயிப்பீங்க அண்ணி. எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்."

அதைவிட ஒரு பொய்யே சொல்லியிருக்கலாம் என்று சகதிக்குத் தோன்றியது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள். பதினொரு பேரில் அவள் ஒன்பதாவது. ரப்பர் முதல்.

வீட்டில் கணவன் மணிக்கட்டுக்குத் துணி சுற்றிவிட்டான். அவள் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவன் துணியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆச்சரியப்படவே இல்லை. அதுதான் அவளைப் பேச்சை நிறுத்த வைத்தது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"எழுதிப் போட்டது தெரியும். விண்ணப்பத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். யார்கிட்டயும் சொல்லாதேன்னா."

"யார்கிட்டயும்னா, என்கிட்டயுமா?"

"டயர் விஷயம் சத்தியமா எனக்குத் தெரியாது. அவ என் தங்கச்சி, நீ என் பொண்டாட்டி. நடுவுல நான் என்ன பண்றது?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானே போய்ப் பாதையைப் பார்த்திருப்பேன்."

முடிச்சு இறுக்கமாக இருந்தது. அவள் கையை இழுத்துக்கொண்டு தானே அவிழ்த்து மறுபடி கட்டினாள். பதினொரு நாள் அவனோடு பேசவில்லை. பிறகு வீட்டு வேலைகளுக்காகப் பேசினாள், அப்படியே பேச்சு ஒட்டிக்கொண்டது. முன்பிருந்த பேச்சு அல்ல அது.

காட்டு வேலை கைநழுவிப் போனது அவளை அவ்வளவு அரிக்கவில்லை. விரிப்புகளை உதறும்போதெல்லாம் நினைவில் வந்தது அந்தப் பின்னறைதான். டீயை ஆற்றிக்கொண்டே, முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல், "நானே போய்ப் பார்த்துட்டு வந்தேன்" என்று சொன்னாளே, அது. ஒன்பது வருஷத்தில் அப்படி எத்தனை முறை தலையாட்டியிருப்போம் என்று எண்ணிப் பார்ப்பாள். பழைய ஞாயிற்றுக்கிழமைகளைக்கூட அவளால் நிம்மதியாக நினைக்க முடியவில்லை. ஒவ்வொன்றையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள், அங்கேயும் ஏதாவது இருந்திருக்குமோ என்று.

மணிக்கட்டு சரியானதும் பேருந்து பிடித்து ஊரின் மறுகோடியில் இருந்த கடைக்குப் போனாள். "யார் ஓட்டறதுக்கும்மா?" என்றார் கடைக்காரர். "நான்தான்" என்று சொல்லிவிட்டு, அவர் எடுத்துப்போட்ட ஒவ்வொரு டயரிலும் நகத்தை அழுத்திப் பார்த்தாள். முதல் ஜோடி தப்பு. ரொம்ப அகலம்; சேறு அப்பி, சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் உரசி நின்றுவிட்டது. அடுத்ததில் முன்சக்கரத்துக்கு மெத்து ரப்பர், பின்னுக்குக் கொஞ்சம் கெட்டி என்று கலந்து போட்டாள், அது பிடித்தது. வாரா வாரம் காற்றைச் சிறிது சிறிதாகக் குறைத்து, எந்த அளவில் டயர் வேரைக் கவ்வுகிறது, எந்த அளவுக்குக் கீழே போனால் ரிம் கல்லில் இடிக்கிறது என்று விழுந்து விழுந்து தெரிந்துகொண்டாள். ஒரு ஞாயிறு பட்டன்களை ஒன்று விட்டு ஒன்று சீவியும் பார்த்தாள். களிமண்ணில் ஒரு வித்தியாசமும் இல்லை. வேதவாக்காகக் கேட்டுக்கொண்டதில் பாதி வெறும் பழக்கம் என்று தெரிந்தபோது சிரிப்பு வந்தது. உடனே அழுகையும் வந்தது. பக்கத்தில் சொல்லிச் சிரிக்க ஆள் இல்லை.

அடுத்த வருஷம் மழைக்கு முன்னால் ரப்பர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"இன்னொரு ஆள் எடுக்கறாங்க அண்ணி. போன தடவை மாதிரியே சுற்று. மனசுல பட்டுச்சு, சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"சரி" என்றாள் சகதி. ரப்பர் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்துவிட்டு வன அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். உண்மைதான். அதே வாரம் ஒரு நாள் விடுப்பு எடுத்துப் பதினான்கு கிலோமீட்டரையும் நடந்தே பார்த்துவிட்டு வந்தாள். தேர்வு நாளில் ஐம்பத்தெட்டு நிமிஷத்தில் முடித்தாள். யாரும் அதற்கு அருகில் வரவில்லை.

சலவைக்கூடத்தை விட்டு வந்த நாளில் மேற்பார்வை அம்மா கண் கலங்கினார். அப்படியும், "இனிமே தினமும் சேறுதான்" என்று சொல்லாமல் விடவில்லை.

வன அலுவலகத்தில் ரோந்துக்கு இருப்பது ஒரே சைக்கிள். நாள் மாற்றி நாள் இருவரும் அதை எடுக்கிறார்கள். சேர்ந்து போகும் வேலை எதற்கும் சகதி ஒப்புக்கொள்வதில்லை. குடும்ப விசேஷங்களில் பக்கத்தில் உட்கார நேர்ந்தால் ரப்பர் பேசுவாள், இவள் "ம்" கொட்டுவாள். தன் முறை முடிந்ததும் ரப்பர் கொட்டகைச் சுவரில் சாக்கட்டியால் எழுதிவிட்டுப் போகிறாள்: முன்சக்கரம் இவ்வளவு காற்று, பின்சக்கரம் இவ்வளவு, பாறைப் பக்கம் ஈரம், பார்த்து. மறுநாள் காலை சகதி அதைப் படித்துவிட்டு, குனிந்து இரண்டு சக்கரத்திலும் காற்று அளக்கும் மானியை வைத்துப் பார்ப்பாள். இதுவரை ஒரு நாள்கூட எழுதியது தப்பாக இருந்ததில்லை.

"அதான் அவங்களே பார்த்து எழுதி வெச்சிருக்காங்களேம்மா, மறுபடி எதுக்கு?" என்று ஒரு முறை வன அலுவலர் கேட்டார்.

"நான் பார்த்துட்டுத்தான் சார் ஏறுவேன்" என்று சொல்லிவிட்டு, சகதி பின்சக்கரத்தின் வால்வு மூடியைத் திருகி மூடினாள்.