பின்னிருக்கையில் மூன்று பேர்

என் கல்யாணத்தன்று கார்க் கதவு மூடவில்லை. வெள்ளை நிறம், ஒரு கடை முகப்பளவு நீளம், மேலே வெறும் வானம். பாரிஸில் எங்கள் ஆட்கள் கூடும் லா ஷப்பல் முழுவதற்கும் அப்போது இருந்த ஒரே அமெரிக்கத் திறந்த கார் அதுதான். கதவு இரண்டு மட்டுமே. முன்னிருக்கையை மடித்துவிட்டுத்தான் பின்னால் ஏற வேண்டும். மாப்பிள்ளை ஏறினார், தோழி ஏறினாள், கூறைச்சேலையை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு கடைசியாக நான் ஏறினேன். காரின் சொந்தக்காரர் கதவைத் தள்ளினார். அது வந்து இடித்துவிட்டுத் திரும்பிப் போனது. மறுபடி தள்ளினார். மறுபடி திரும்பியது. நடைபாதையில் நின்ற மாமி, மாப்பிள்ளையின் தாய், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“பொம்பிளையின்ரை பாரம். கொஞ்சம் உள்ளுக்கை தள்ளி இரும் பிள்ளை.”

நாதஸ்வரத்தையும் மீறிச் சிரிப்புக் கேட்டது. அந்தக் கதவு என் இடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதுபோல நான் வயிற்றை எக்கினேன். சொந்தக்காரர் கைப்பிடியோடு கதவைச் சற்றுத் தூக்கி ஓங்கி அடித்தார். மூடிக்கொண்டது. வீடியோக்காரர் ஒன்றையும் விடாமல் எடுத்திருந்தார்.

விருந்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் அந்த வீடியோவைப் போட்டார்கள். கதவு வரும் இடத்தில் மாமி ரிமோட்டைக் கையில் எடுப்பார், பின்னால் ஓட்டுவார், மறுபடி போடுவார். “கார்க் கதவையே பூட்ட விடாதவள்” என்பது என் பெயராயிற்று. பாணுக்கு நான் பட்டர் பூசினால் அது வந்தது. புதுச் சட்டை வாங்கினால் வந்தது. வயிற்றில் பிள்ளை தங்காமல் ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய அன்றும் வந்தது, குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு. புருஷன் என்னை விட்டுப் போன பிறகும் அந்தச் சிரிப்பு என்னை விட்டுப் போகவில்லை. கண்ணாடி முன்னால் நின்றால் இன்னும் என் பின்னால் ஒரு கதவு திறந்துதான் இருக்கும்.

பிறகு நான் பாரிஸுக்கு வெளியே ஆர்ஜொந்தெய்யில் ஒரு பழைய கார்ப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். அதற்கு முன் நிலவறைத் தொழிற்சாலையொன்றில் கோட்டு தைத்தவள் என்பதால் கார் இருக்கை தைப்பது புதிதாயில்லை. என் பத்ரோன், வெள்ளைக்கார முதலாளி, இருக்கைகளைப் புதுப்பிப்பார். அதோடு பழைய கார்கள் அசலா, கைபட்டவையா என்று பார்த்து அசூரன்ஸ்காரருக்கு, காப்புறுதிக் கம்பனிக்கு, எழுதிக் கொடுப்பார். அவருக்கு மனிதரைப் பிடிக்காது. காரையும் பிடிக்காது. பொய்யைக் கண்டுபிடிப்பது மட்டும் பிடிக்கும், அதிலும் சொந்தக்காரர் பக்கத்தில் நிற்கும்போது.

அவரிடம்தான் பார்க்கக் கற்றேன். தொழிற்சாலை யாருக்காகவும் அழகு செய்வதில்லை. கண் படும் இடத்தில் மினுக்கும். கண் படாத இடத்தில் அதன் அவசரம் அப்படியே கிடக்கும். சொட்டிக் காய்ந்த பெயின்ட், கோணிய தையல், இருக்கையின் அடிச் சணலில் யாரோ ஒரு டெட்ராயிட் தொழிலாளி நீலச் சோக்கால் கிறுக்கிவிட்டுப் போன எண். கண் படாத இடத்தையும் வடிவாக்கி வைப்பவன் எதையோ மறைக்கிறான். கம்பளத்தின் அடி மிக நேர்த்தியாக இருந்தால் பத்ரோன் உதட்டை நக்கிக்கொள்வார்.

ஒரு மாரிக்காலக் காலையில் அந்த வெள்ளைக் கார் பட்டறை வாசலில் வந்து நின்றது.

ஓட்டி வந்தவர் அதே மனிதர்தான். லா ஷப்பலில் அவரை எல்லோரும் கார் அண்ணை என்பார்கள். மீசை நரைத்திருந்தது, கார் நரைக்கவில்லை.

“அட, தங்கச்சி! நீரே! உம்மடை கலியாணத்துக்கும் நான்தானே வந்தனான்.”

“ஓம் அண்ணை.”

“அவர் எப்பிடி இருக்கிறார்?”

“எங்கையோ இருக்கிறார்.”

“ஆ… அப்பிடியே.” பிறகு சிரித்தார். “அதுக்கு நான் பொறுப்பில்லைக் கண்டீரோ. ஏத்திக்கொண்டு போறது மட்டுந்தான் என்ரை வேலை.”

அசூரன்ஸ்காரர் புதிதாகக் காகிதம் கேட்கிறார்களாம். கார் தொழிற்சாலையிலேயே திறந்த காராகப் பிறந்தது என்று ஒரு நிபுணர் எழுதித் தர வேண்டுமாம். மகளின் கல்யாணம் சித்திரையில். “அவ பிறந்த வருஷம் வாங்கின கார். தொட்டில்லை கிடக்கேக்கையே சொல்லிப்போட்டன், நீ இதிலைதான் போவாய் எண்டு. ஊருப்பட்ட பிள்ளையளை ஏத்தின கார். என்ரை பிள்ளைக்குப் பேப்பர் இல்லாமல் நிக்கக் கூடாது.” பிறகு பத்ரோனைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தினார். “இவருக்குச் சொல்லும் தங்கச்சி, பின்னாலை மூண்டு பேர் தாராளமாய் இருக்கலாம். வேறை ஒரு திறந்த காரிலையும் இந்த இடம் கிடையாது.”

சொன்னேன். பத்ரோன் அன்று முதன்முறையாகப் புன்னகைத்தார். ஏனென்று எனக்கும் உடனே விளங்கியது. கூரை மடிந்து இறங்கும் காரில், அந்தக் கூரையைத் தூக்கும் இரும்புக் கைகள் பின்னிருக்கையின் இரு பக்கமும் ஒளிந்திருக்கும். அவற்றுக்கு இடம் விட்டு இருக்கையைக் குறுக்கித்தான் தைப்பார்கள். மூன்று பேர் தாராளமாக இருக்கும் இருக்கை இரும்புக்கூரைக் காரின் இருக்கை. இவ்வளவு வருஷமாக ஒவ்வொரு பெண் வீட்டிலும் போய்ப் பெருமையாகச் சொல்லிவந்த அதே வசனத்தால் மனிதர் தன் காரைத் தானே காட்டிக்கொடுத்துவிட்டார்.

இருக்கையைக் கழற்றியது நான். அடியில் நீலச் சோக்கு எண் அப்படியே இருந்தது. அந்தத் தையலை ஒருவரும் பிரித்ததில்லை. இருக்கை அசல். இயந்திரம் அசல். விளக்கு, கண்ணாடி, குரோம் எல்லாம் அசல். கூரையைத் தூக்கும் மோட்டார் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வெறும் தகரம். மடித்துக் கட்டியிருந்த துணிக்கூரை வேறொரு காருடையது. மழை வந்தால் அவர் பிளாஸ்டிக் விரிப்பை இழுத்துப் போடுவதும் மோட்டார் பழுது என்று சொல்வதும் எல்லோருக்கும் தெரியும். என்ஜினுக்குப் பின்னால், உடல் வகையைச் சொல்லும் சிறிய தகடு இருந்தது. அதைப் பிடித்த ஆணிகள் புதியவை; யாரோ தகட்டை மாற்றியிருக்கிறார்கள். கம்பளத்தைத் தூக்கினேன். கதவுத் தூண்களின் ஓரத்தில், வெட்டிய வாயை ஒட்டவைத்தது போலப் பற்றுவைத்த கோடு. மிகவும் நேர்த்தியான கோடு.

பத்ரோன் பின் சக்கரத்துப் பக்கம் ஜாக்கை வைத்துக் கொஞ்சம் உயர்த்தினார். “கதவைத் திறக்கச் சொல்லு.” அண்ணை இழுத்தார். திறக்கவில்லை. ஜாக்கை இறக்கி, இருக்கையைத் திரும்பப் பூட்டி, என்னையும் பட்டறைப் பையன்கள் இருவரையும் பின்னால் ஏறி உட்காரச் சொன்னார். கதவைத் தள்ளினார். அது வந்து இடித்துவிட்டுத் திரும்பிப் போனது.

“இது கூரையோடு பிறந்த கார். யாரோ அறுத்திருக்கிறான். கூரைதான் இதற்கு முதுகெலும்பு. உண்மையான திறந்த காருக்கு அதை ஈடுசெய்ய அடியில் மேலதிக இரும்பு வைத்து அனுப்புவார்கள். இதில் இல்லை. பின்னால் பாரம் ஏறினால் நடு வளையும், கதவு மாட்டும். சொல்லு அவருக்கு.”

எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. அடக்கிக்கொண்டேன். அது நானல்ல. என் இடுப்பல்ல, நான் தின்ற சோறல்ல, என் தாய் தந்த எலும்பல்ல. எனக்கு முன்னால் யாரோ ஒருவன் எங்கோ ஒரு கொட்டிலில் ரம்பத்தை வைத்து அறுத்த ஒரு கூரை. பத்ரோன் கதவை இன்னொரு தரம் அடித்துக் காட்டினார். இடித்துத் திரும்பியது. இன்னும் ஒரு தரம் அடிக்க மாட்டாரா என்றிருந்தது. பிறகு இறங்கி, அவர் சொன்னதை ஒரு சொல்லும் மெதுமைப்படுத்தாமல் தமிழில் சொன்னேன்.

“பிழையாய் விளங்கிப்போட்டீர் தங்கச்சி. திருப்பிக் கேளும்.”

கேட்டேன். “அதைத்தான் சொல்லுறார் அண்ணை.”

“பூக் கட்டிக்கொண்டு போற காருக்கு அடியிலை ஆர் குனிஞ்சு பாக்கிறது? அந்த ஒரு வசனத்தை மட்டும் விடச் சொல்லும். என்ரை பிள்ளையின்ரை காரியம் முடியட்டும்.”

அதையும் மொழிபெயர்த்தேன். பத்ரோன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “ஓட்டட்டும், எனக்கென்ன. அசல் என்று சொல்லக்கூடாது. பின்னால் இரண்டு பேருக்கு மேல் ஏற்றவும் கூடாது.”

விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது இவ்வளவு தூரம் போயிருக்காது. அண்ணையே லா ஷப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் இருக்கும் தேத்தண்ணிக் கடையில் நின்று, வெள்ளைக்காரன் தன் காரைக் கூரை அறுத்த கார் என்கிறான், பட்டறையில் நிற்கிற அவளும் தலையாட்டுகிறாள் என்று கத்தித் தீர்த்திருக்கிறார். அன்று பின்னேரமே அந்தக் காருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: மூளி. வாய் உடைந்த பானை, மூக்குப் போன சிலை, அறுந்த காது. நல்ல காரியத்துக்கு முன்னால் வைக்கக் கூடாத எல்லாவற்றுக்கும் எங்களிடம் இருக்கும் ஒரே சொல்.

“தலை இல்லாததிலை ஏத்தினால் குடும்பம் தலையெடுக்குமே?” என்றது ஒரு குரல்.

“எனக்கும் அதிலைதானடா கலியாண ஊர்வலம் நடந்தது.”

“அதுதான் உனக்கு மயிர் கொட்டினது.”

அடுத்த கிழமை வாட்சப்பில் கணக்கெடுப்புத் தொடங்கியது. யார் யார் அதில் போனார்கள், யார் யார் பிரிந்தார்கள். போய் நன்றாக இருப்பவர்களை ஒருவரும் எண்ணவில்லை. புறநகர் லெ பிளாங்-மெனிலில் இருந்து ஒரு தாய் ரயிலேறி வந்து, மரக்கறிக் கடை வாசலில் அண்ணையைப் பிடித்துக்கொண்டார். நான் உள்ளே முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

“என்ரை பிள்ளை ஆறு மாதத்திலை திரும்பி வந்தவள். நீ மூளியிலை ஏத்திப்போட்டாய் எண்டு இப்பதானே தெரியுது.”

“அக்கா, உங்கடை மருமோன் குடிச்சதுக்கு என்ரை கார் என்ன செய்யும்?”

“கலியாணத்துக்கு முன்னம் அவன் குடிக்கேல்லை!”

“முன்னமும் குடிச்சவர்தான் அக்கா. கார்ச் சீற்றிலை சத்தியெடுத்தவர். நான்தான் கழுவினனான்.”

கூட்டம் சிரித்தது. அந்தத் தாய் தலையில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கியதும் இன்னும் சிரித்தது. அண்ணையும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார், வாய் ஒத்துழைக்கவில்லை. பிறகு யாரோ என்னைக் கண்டுவிட்டார்கள். “உவள்தான். தன்ரை வாழ்க்கை கவிண்டதெண்டு அந்த மனிசன்ரை காரையும் கவிட்டவள்.” முருங்கைக்காயை வைத்துவிட்டு வெளியே வந்தேன். அண்ணை என்னைப் பார்க்காமல் வழி விட்டார்.

ஒரு நாள் சேலைக் கடையில் மாமியைச் சந்தித்தேன். கிழவியாகியிருந்தார், கைத்தடி பிடித்திருந்தார். இவ்வளவு காலமும் மனதுக்குள் எழுதி எழுதித் தேய்த்து வைத்த வசனத்தை அவர் முன்னால் வைத்தேன்.

“மாமி, கேள்விப்பட்டிருப்பீங்கள். அண்டைக்கு அந்தக் கதவு பூட்டாதது என்னாலை இல்லை. கார் வளைஞ்சிருக்கு.”

அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். சேலையை உதறிப் பார்க்கும் பார்வை.

“கார் பொய்யெண்டால் நீ மெல்லிசாய் இருந்தனியெண்டே அர்த்தம்? மூண்டு பேர் இருந்ததிலை ஆரின்ரை பாரத்துக்கு வளைஞ்சதாம்?”

கடைக்காரப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

பங்குனியில் கார் அண்ணை பட்டறைக்கு வந்தார். கையில் மகளின் கல்யாணக் கார்ட். மாப்பிள்ளை வீட்டார் மூளி வாசலுக்கே வரக்கூடாதென்று ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறார்களாம். “சொல்லட்டும். என்ரை பிள்ளை அதிலைதான் போவா. எல்லாரும் நிண்டு பாக்கோணும். நீரும் வாரும். வந்து உம்மடை கண்ணாலை பாத்துக்கொண்டு போம்.” அழைப்பில்லை அது, சவால். ஒத்துக்கொண்டேன்.

கல்யாணக் காலையில் அவர்கள் வீட்டு வாசலில் ஒரு புதிய கறுப்பு ஜெர்மன் கார் நின்றது. அண்ணையே வாடகைக்கு எடுத்தது. ரோஜாவால் கட்டியிருந்தார்கள். வெள்ளைக் கார் தெருவின் மறுபக்கத்தில், ஒரு பூவும் இல்லாமல்.

மகள் படியிறங்கி வந்தாள். பட்டு, நெற்றிச்சுட்டி, முழங்கை வரை வளையல். இரண்டு காரையும் பார்த்தாள். “அப்பா, எங்கடை கார்?”

“இது நல்ல கார் அம்மா. ஏசி இருக்கு. ஏறு, நேரம் போகுது.”

“நீங்கள்தானே சொன்னீங்கள், அதெல்லாம் விசர்க்கதை எண்டு?”

“ஓம், விசர்க்கதைதான். உனக்கு ஏன் அந்த ரிஸ்க்?”

அவள் அதன் பிறகு பிரெஞ்சில்தான் பேசினாள், எல்லோருக்கும் கேட்கும்படி, கோபமில்லாமல், கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்பது போல. அப்படியென்றால் மற்றப் பிள்ளைகளை ஏன் ஏற்றினீர்கள் என்றாள்.

அண்ணையின் கண்கள் கூட்டத்தைத் தடவிக்கொண்டு வந்து, ஏற்றிய பிள்ளைகளில் அங்கே நின்ற ஒருத்தியின் மேல், என் மேல், ஒரு கணம் நின்றன. பிறகு கறுப்புக் காரின் கதவைத் திறந்தார். மகள் ஏறினாள். அவர் விரலால் தொட்டதும் கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

“மற்ற ஆக்கள் எல்லாம் இதிலை ஏறுங்கோ,” என்று அவர் தெருவைக் கடந்தார். தட்டங்களோடு நின்ற பெண்களுக்கு வாகனம் போதவில்லை. வெள்ளைக் காரின் முன்னிருக்கையை மடித்துப் பிடித்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: “நீரும் ஏறும். பின்னாலை மூண்டு பேர் தாராளமாய் இருக்கலாம்.”

பழத்தட்டோடு ஒருத்தி, பலகாரத்தட்டோடு ஒருத்தி, கடைசியாக நான். அவர் கதவைத் தள்ளினார். அது வந்து இடித்துவிட்டுத் திரும்பிப் போனது.

பக்கத்தில் இருந்தவளை எனக்கு முன்பின் தெரியாது. அவள் கதவைப் பார்த்தாள், பிறகு என் இடுப்பைப் பார்த்தாள்.

“அக்கா, கொஞ்சம் உள்ளுக்கை தள்ளி இருங்கோவன்.”

இந்தக் காரின் ஒவ்வொரு பற்றும் எனக்குத் தெரியும். எங்கே வளைகிறது, ஏன் வளைகிறது என்று இரண்டு மொழியில் சொல்லத் தெரியும். நான் வயிற்றை எக்கினேன்.