இடது பக்கத்துப் பெட்டி

நம்பாதவர்கள் கந்தப்பளைக்குப் பஸ் ஏறிப் போய் ஜீவராஜையே கேட்கலாம். ஒரு சொல் கூட்டிச் சொல்ல மாட்டான். நடந்தது 1999, ஆனி மாதம்.

மனைவி நாகலெட்சுமி மஞ்சள் காமாலையில் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. ஜீவராஜுக்கு அழுகை வரவில்லை. பசியும் வரவில்லை. விடிந்தால் தேயிலை மலைக்கு வேலைக்குப் போனான், இருட்டினால் தோட்டத்து லய வீட்டுக்கு வந்தான். எட்டு வயது மகள் சுலக்ஷனாவோ அன்றிலிருந்து வாயே திறக்கவில்லை. முன்பெல்லாம் தாயும் மகளும் ரேடியோவோடு போட்டி போட்டுப் பாடுவார்கள். பாட்டைச் சத்தமாக வைத்தால் பிள்ளை பேசுமோ என்றுதான் ஸ்பீக்கர் வாங்க நுவரெலியாவுக்குப் போனான்.

முத்துலிங்கத்தின் கடையில் இரண்டு சோடி இருந்தன. ஒன்று புது பிளாஸ்டிக், கையகலம். தகரத்தில் மழை விழுந்த மாதிரி இரைந்தது. மற்றது பழைய மரப்பெட்டி, எட்டு அங்குலம். பாட்டு நெஞ்சுக்குள்ளேயே கேட்டது. விலையோ பாதி.

"வலதுதான் பாடும். இடது வெறும் பொட்டிங்க, முன்னால துணி மட்டுந்தான். சோடியா வச்சா பாக்க லட்சணமா இருக்கும்," என்றார் முத்துலிங்கம்.

மரப்பெட்டியையே எடுத்தான்.

ஞாயிறு மாலை வலது பெட்டி லயமே அதிரப் பாடியது. சுலக்ஷனா பாடவில்லை. இடது பெட்டியில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திங்கள் விடியற்காலை, 5.50. ரேடியோவின் வயர் கழன்று கிடந்தது.

கர்ர்ர்...

இடது பெட்டி.

கங்காணி இராமையாவின் குரல். காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிடும் அதே குரல்.

"அழகம்மா... சண்முகவடிவு..."

நாகலெட்சுமி எப்போதும் பெரட்டுக்குப் பிந்துவாள். மகளுக்குத் தலை பின்னிவிட்டுத்தான் வருவாள். பல வருடமாக அவளுக்காகக் குரல் கொடுத்தது ஜீவராஜ்தான்.

"நாகலெட்சுமி..."

அரைத் தூக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"வந்துக்கிட்டு இருக்குங்க."

பெட்டி அடங்கியது.

5.52.

வாசலில் காலடிச் சத்தம்... பச்சைக் கொழுந்து வாடை...

தாழ்ப்பாள் அசைந்தது.

ஜீவராஜுக்குப் பயம்கூட வரவில்லை. 

சுலக்ஷனா எழுந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, தலைய நானே பின்னிக்கிறேன். நீ பெரட்டுக்குப் போ."

தாழ்ப்பாள் நின்றது.

காலடி திரும்பியது. மலைப்பக்கம்.

அன்று அவன் வேலைக்குப் போகவில்லை. மகள் பேசிக்கொண்டே இருந்தாள். ரொட்டி கேட்டாள், சம்பல் உறைப்பு என்றாள். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

மாலை 5.15. இராமையா வந்தார், கையில் ஒரு கூடையோடு. காலையில் நாகலெட்சுமி பேரைக் கூப்பிட்டாரா என்று ஜீவராஜ் கேட்டான்.

"அவ பேர மூணு மாசத்துக்கு முந்தியே வெட்டிட்டேனே தம்பி. ஆனா இது கொழுந்து நிறுக்கிற எடத்துல கூடுதலா இருந்துச்சு. நெறைய கொழுந்து. யாருதுன்னு ஒருத்திக்கும் தெரியல. கூடையோட பச்சப் பட்டிய பாத்தா ஒங்க வீட்டுது மாதிரி..."

பட்டியைத் தைத்தது ஜீவராஜ்தான். தையல் தெரிந்தது. கூடையின் அடியில் ஈர மண் அப்பியிருந்தது.

அந்தக் கூடையை அவள் காலடியில், புதைகுழிக்குள், அவன் கையாலேயே வைத்திருந்தான்.