மூன்றாவது கட்டம் இல்லாத படிவம்

'கவனக்குறைவாக வாகனம் ஓட்டியவர்' என்று காவல் நிலையக் கோப்பு ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்கிறது. கீழே அவருடைய கையெழுத்து.

பதினாறு வருடம் பள்ளி வேன் ஓட்டியவர். தெருமுனையில் வலம், இடம், மறுபடி வலம் பார்க்காமல் ஒரு சக்கரத்தைக்கூட உருளவிட மாட்டார். பின்னால் ஹாரன் அடிப்பவர்கள் அடித்து ஓய்வார்கள். பிள்ளைகள் வைத்த பெயர் 'ரெண்டு தடவை ஆன்ட்டி'.

பள்ளிக் காவலாளிக்கு அதில் தினமும் ஒரு பொழுதுபோக்கு. "என்னம்மா, பாத்து முடிச்சாச்சா? ரோடு அங்கேயேதான் இருக்கா?"

"ரோடு இருக்குண்ணே. நீங்கதான் நடுவுல நிக்கிறீங்க, நகருங்க."

ஒரு புதன்கிழமை மாலை, பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் வேனோடு திரும்பும்போது, முனையில் வழக்கம்போல நின்று பார்த்தார். சாலை காலி. வேன் நகர்ந்ததும் ஒரு சைக்கிள் அதன் முகப்பில் சிக்கியது. வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த அதே காவலாளி. வீடு போய்ச் சேரவில்லை.

"யாருமே இல்லையே, நான் பாத்தேனே" என்று இவர் அழுதார். இவர் பார்ப்பவர் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அதனால் பழி செத்தவர் பக்கம் சாய்ந்தது. "குறுக்கே புகுந்திருப்பான். குடிச்சிருப்பான்." வாழ்நாளில் குடிக்காத மனிதர், இறந்த மூன்றாம் நாள் குடிகாரரானார்.

தன் கண்ணில்தான் கோளாறு என்று நம்பி இவர் கண் டாக்டரிடம் போனார். டாக்டர் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை நீட்டினார்.

"உங்க இடது கண்ணப் பாருங்க. இப்போ வலது கண்ண. கண்ணு நகர்றது தெரியுதா?"

"இல்லையே."

"எனக்குத் தெரியுதே, டக்குனு ஓடுது!" என்றார் பக்கத்தில் நின்ற கணவர்.

கண் தாவும் அந்த நேரத்தில் நாம் எதையும் பார்ப்பதில்லை. கண் தங்கிய இடங்களை மூளை ஒட்டவைத்து, நடுவிலும் வெறும் சாலைதான் என்று நிரப்பிக்கொள்கிறது என்றார் டாக்டர். சைக்கிள் அந்த நடுவில் வந்திருக்கலாம். "கோளாறே இல்லம்மா. எல்லார் கண்ணும் இப்படித்தான்."

கோளாறு என்று சொல்லியிருந்தால் அன்று இரவு தூங்கியிருப்பார்.

விசாரணை அதிகாரி கண்ணாடிக் கதையைப் பொறுமையாகத்தான் கேட்டார். "பாத்தீங்கன்னா தப்பு அவர் மேல. பாக்கலன்னா உங்க மேல. மூணாவது கட்டம் ஃபாரத்துல இல்லம்மா. யோசிச்சுட்டு வாங்க."

இவர் வெளியே வந்தார். "பாத்தேன்னு உள்ளதச் சொல்லு. இல்லன்னா லைசென்ஸ் போயிடும்டி" என்றார் கணவர்.

பெஞ்சில் காவலாளியின் மனைவி உட்கார்ந்திருந்தார். மடியில் கணவரின் சாப்பாட்டு டப்பா, மூடி நசுங்கியிருந்தது. "அவரு ஓரமாத்தானே வந்திருப்பாரு, தங்கச்சி? எல்லாரும் என்னென்னமோ சொல்றாங்க."

"ஓரமாத்தான்க்கா வந்தாரு" என்றார், அவர் வந்ததையே காணாதவர்.

திரும்ப உள்ளே போய், "பாக்கல சார்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு வேன் ஓட்டவில்லை.

அந்தப் புதன்கிழமை அவர் வலப்பக்கம் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார். மறுபடி வலப்பக்கம் பார்த்தார்.