மாராடெபேயின் சளி டப்பா

தென்னாப்பிரிக்காவின் மடந்சானேயில் மாராடெபே குழந்தைகள் காப்பகம் நடத்தினாள். பதினாறு வருடத்தில் அவளிடம் திட்டு வாங்காத அப்பன் அந்தத் தெருவில் கிடையாது. வாங்கியவர்களே மறுநாள் காலையில் பிள்ளையைக் கொண்டுவந்து அவள் இடுப்பில் ஏற்றிவிட்டுப் போவார்கள்.

அந்த வாய்க்கு மூன்று வாரமாக இருமல். கேட்டால் மூக்குப்பொடி என்பாள்.

கிளினிக்கிலிருந்து டிபி சோதனைக்கு சிஸ்டர் வந்தாள். பிள்ளைகளை எடை போட்டாள். பெரியவர்களுக்கு நாலு கேள்வி: இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா, ராத்திரி வியர்க்கிறதா, உடம்பு இளைத்ததா? கடைசிக் கேள்வியைச் சமையல்காரி நோம்பூசோவிடம் கேட்க சிஸ்டருக்கே கூச்சமாக இருந்தது. நாலுக்கும் இல்லை என்றாள் நோம்பூசோ. மாராடெபே வாய் திறப்பதற்குள் இருமல் பதில் சொல்லிவிட்டது. பெயர் எழுதிய டப்பா ஒன்றை சிஸ்டர் அவள் கையில் கொடுத்து, காலையில் சளியைத் துப்பித் தரச் சொன்னாள்.

நோய்க்கு அவள் பயப்படவில்லை. போன வருடம் பக்கத்துக் காப்பகத்து ஆயாவுக்கு டிபி என்று தெரிந்த வாரமே அங்கே பூட்டுத் தொங்கியது. அந்தப் பூட்டுதான் பயம்.

"நோம்பூசோ, இதுல துப்புடி."

"எதுக்குக்கா? என் சளி வேணாம்னுதானே சிஸ்டர் சொன்னாங்க."

"அதனாலதான் கேக்குறேன். காட்டெருமையாட்டம் இருக்க, உன் சளிக்கு என்ன கேடு? நல்லாக் காறித் துப்பு, கஞ்சத்தனம் பண்ணாத."

இரண்டு நாள் கழித்து சிஸ்டர் வந்து, "உங்களுக்கு டிபி இருக்கு மாராடெபே. ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டா சரியாயிடும்" என்றாள்.

மாராடெபே டீ போடுகிறேன் என்று எழுந்து அடுப்பறைக்குப் போனாள். அங்கே நோம்பூசோ சோளக் கஞ்சியை ஸ்பூன் ஸ்பூனாக வாயால் ஊதி, காப்பகத்துக் கடைக்குட்டி லுக்கான்யோவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். மாராடெபே டீயைக் கொண்டுவந்து வைத்தாள். சிஸ்டர் அதைக் குடித்து முடிக்கும் வரை பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

"சிஸ்டர், அது என் சளி இல்ல."

சிஸ்டர் டம்ளரைக் கீழே வைத்தாள். "பரீட்சைக்கு ஆள் மாறாட்டம் கேள்விப்பட்டிருக்கேன். சளிக்கு இப்பத்தான் பாக்குறேன்."

விஷயம் தெரிந்ததும் நோம்பூசோ ஓவென்று அழுதாள். "டப்பாவுல உன் பேரு, நோவு மட்டும் எனக்காக்கா?" மாத்திரையோடு வீட்டுக்குப் போனாள். இந்த முறை சிஸ்டர் எதிரிலேயே நின்று மாராடெபேயைத் துப்ப வைத்தாள். பரிசோதனையில் அந்தச் சளி சுத்தமாக இருந்தது.

பிள்ளைகளுக்குத் தடுப்பு மாத்திரை தர வெள்ளிக்கிழமை அம்மாக்களைக் காப்பகத்துக்கு வரச் சொன்னார்கள். மாராடெபே வாசலிலேயே நின்று ஒவ்வொருத்தியிடமும் தான் செய்த திருட்டுத்தனத்தைச் சொன்னாள்.

லுக்கான்யோவின் அம்மா கேட்டாள்: "தெரிஞ்சும் எவ்வளவு நேரம் சொல்லாம இருந்த?"

"ஒரு டம்ளர் டீ குடிக்கிற நேரம்."

"அந்த நேரத்துல என்ன யோசிச்ச?"

பொய் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. "திருட்டுத்தனம் வெளிய தெரியாம இருக்க, எனக்குத்தான் டிபின்னு ஒத்துக்கிட்டு, மாத்திரைய வாங்கிக் குப்பையில போட்டுடலாம்னு யோசிச்சேன்."

லுக்கான்யோவின் அம்மா தடுப்பு மாத்திரையை வாங்கிக்கொண்டாள். பிள்ளையை முதுகில் ஏற்றி, போர்வையை இறுக்கிக் கட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

வரிசையில் அடுத்து நின்றவள் போகிறவளைப் பார்த்தாள், மாத்திரையை வாங்கிப் பையில் போட்டாள். பிறகு தன் மகளின் கையை விட்டு, "உள்ள போ" என்றாள்.